இணையப் படைப்பாளர் காணொளிகள் வழி ஆங்கிலச் சொற்கற்றல்

யூடியூப், டிக்டாக் போன்ற தளங்களில் புகழ்பெற்ற படைப்பாளர்களின் வாழ்க்கை, வளர்ச்சி, சர்ச்சை ஆகியவற்றை ஆங்கிலத்தில் விவரிக்கும் காணொளிகளைப் பார்த்து, அவற்றின் வழியே அந்த மொழியின் சொற்களைக் கற்கும் முறை இது. பாடநூலில் படித்த சொல்லைப் பேச்சில் அடையாளம் காணவும், புதிய சொல்லை அது புழங்கும் தொடரோடு சேர்த்துப் பழகவும் உதவுகிறது. எழுத்தில் ஆங்கிலம் புரியும், காதில் விழும்போது நழுவிவிடும் என்னும் நிலையில் இருப்பவர்களுக்கே இது மிகவும் பொருந்தும்.

முன்வரலாறு

ஒலிபரப்பு வழியாக ஆங்கிலம் கற்பிப்பது புதிதல்ல. பிபிசி 1943இல் வானொலிப் பாடங்களைத் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபர் 19 அன்று ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ நிகழ்ச்சியை ஆரம்பித்தது. சுமார் 1,500 சொற்கள், குறுகிய வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு என்பவை அதன் விதிகள். யூடியூபின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. கற்பவர்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான ஆண்டு 2009. அந்த நவம்பரில்தான் ஆங்கிலப் பேச்சைத் தானாகவே எழுத்தாக்கிக் காட்டும் வசதி அறிமுகமானது. வானொலி நேயர் தவறவிட்ட சொல் போனது போனதுதான். இப்போது அதே சொல்லை நிறுத்தி, எழுத்தில் பார்த்து, வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்கலாம்.

ஏன் படைப்பாளர் கதைகள்?

ஒருவரைப் பற்றியே தொடர்ந்து பார்க்கும்போது சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இம்முறையின் உயிர்நாடி இதுதான். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1981இல், ஒரே எழுத்தாளரை அல்லது ஒரே பொருளைத் தொடர்ந்து வாசிப்பது மொழி கற்பவருக்கு நல்லது என்று வாதிட்டார். ஆய்வாளர்கள் மைக்கேல் ராட்ஜர்ஸ், ஸ்டூவர்ட் வெப் இருவரும் 2011இல் இதே கருத்தைத் தொலைக்காட்சித் தொடர்களில் சோதித்தார்கள். தொடர்பில்லாத நிகழ்ச்சிகளைக் கலந்து பார்ப்பதைக் காட்டிலும், ஒரே தொடரின் அத்தியாயங்களில் எதிர்ப்படும் வெவ்வேறு சொற்கள் குறைவாக இருந்தன. அரிய சொற்கள் கூடுதலாகத் திரும்ப வந்தன.

இதை இரண்டு பேரின் வரலாற்றில் பார்க்கலாம். ஃபீலிக்ஸ் ஷெல்பர்க் என்ற பியூடிபை 1989இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் பிறந்தவர். சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டார். ஹாட்டாக் கடையில் வேலை பார்த்தபடி விளையாட்டுக் காணொளிகள் எடுத்தார். 2019 ஆகஸ்டில் 10 கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டிய முதல் தனிநபர் ஆனார். ஜிம்மி டொனால்ட்சன் என்ற மிஸ்டர் பீஸ்ட் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள கிரீன்வில்லில் வளர்ந்தவர். 2012இல் யூடியூபில் தொடங்கினார்; கல்லூரியில் சேர்ந்த வேகத்திலேயே வெளியேறினார்; 2017 ஜனவரியில் ஒன்று முதல் ஒரு லட்சம் வரை எண்ணிய காணொளியால் பரவலாக அறியப்பட்டார்; 2024 ஜூன் 2 அன்று இந்தியாவின் டி-சீரிஸ் இசைச் சேனலைத் தாண்டி, உலகிலேயே அதிக சப்ஸ்கிரைபர்கள் கொண்ட சேனலுக்கு உரிமையாளரானார்.

இருவர் கதையையும் ஆங்கிலத்தில் கேட்பவர் ‘டிராப் அவுட்’ (படிப்பைப் பாதியில் விடுதல்) என்ற தொடரை இரண்டு இடத்திலும் சந்தித்தே தீருவார். ‘கிவ் அப்’, ‘கோ வைரல்’, ‘மேக் எ லிவிங்’, ‘டேக் எ பிரேக்’ போன்றவையும் படைப்பாளர் வரலாறுகளில் ஓயாமல் வரும். 2017இல் ஒரு சர்ச்சையின்போது டிஸ்னிக்குச் சொந்தமான மேக்கர் ஸ்டுடியோஸ் காணொளி நிறுவனம் பியூடிபையுடன் உறவை முறித்துக்கொண்டதைச் சொல்லும் இடத்தில் ‘கட் டைஸ்’ (உறவை முறித்தல்), ‘பேக்லாஷ்’ (கடும் எதிர்ப்பு), ‘அப்பாலஜைஸ்’ (மன்னிப்புக் கேட்டல்) என்று வேறொரு வரிசை கிடைக்கும். பட்டியலாக உருப்போட்டால் மறந்துபோகும் இந்தத் தொடர்கள், நடந்த சம்பவத்தோடு ஒட்டியிருப்பதால் நினைவில் தங்குகின்றன. பெயர்களும் கதையின் போக்கும் முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லின் பொருளை ஊகிப்பதும் எளிதாகிறது.

எவ்வளவு சொல் வேண்டும்?

வெப், ராட்ஜர்ஸ் ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு 88 ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டது. மிகுதியாகப் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் (ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள்), ஆள், இடம் போன்றவற்றின் சிறப்புப் பெயர்களும் தெரிந்தால், பேசப்படுவதில் சுமார் 95 விழுக்காடு தெரிந்த சொற்களாக இருக்கும் என்று அது காட்டியது. இந்த அடித்தளம் இல்லாதவர் காணொளிக்குள் நேரடியாகக் குதிப்பது வீண் சிரமம். அவர் முதலில் எளிய வாசிப்பு நூல்களிலும், கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட பாடங்களிலும் சில மாதங்கள் செலவிடுவதே சரி.

எந்தக் காணொளி?

எழுதிவைத்து ஒரே குரலில் வாசிக்கப்படும் வாழ்க்கை வரலாற்றுக் காணொளியே தொடங்குவதற்கு ஏற்றது. வாக்கியங்கள் முழுமையாக இருக்கும். இறந்தகால வினைகள் நிறைந்திருக்கும். நேர்காணல் அடுத்த படி. அதில் தயக்கமும் இடைமறிப்பும் பாதியில் மாறும் வாக்கியமும் உண்டு. படைப்பாளரின் சொந்தக் காணொளிகள், குறிப்பாக மிஸ்டர் பீஸ்டினுடையவை, நொடிக்கு நொடி காட்சி மாறுபவை, கூச்சலும் மிகுதி. மூன்றில் அவையே கடினம்.

பயிலும் விதம்

ஐந்து முதல் பத்து நிமிடக் காணொளி ஒன்று போதும். முதலில் சப்டைட்டில் இல்லாமல் முழுவதும் பார்க்க வேண்டும். அடுத்த முறை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்து, புரியாத இடத்தில் நிறுத்தி, சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தையே குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ் சப்டைட்டில் கதையைப் புரியவைக்கும். ஆனால் கண் தமிழை வாசிக்கும்போது காது ஆங்கிலத்தை விட்டுவிடுகிறது. தானியங்கி சப்டைட்டில் பெயர்களிலும் கொச்சை வழக்குகளிலும் தடுமாறும் என்பதால் ஐயமான சொல்லை அகராதியில் சரிபார்ப்பது அவசியம்.

இன்னொரு எச்சரிக்கை: 2023 முதல் ஒரே காணொளியில் பல மொழி ஒலித்தடங்களைச் சேர்க்கும் வசதி யூடியூபில் விரிவாக்கப்பட்டது. இதனால் காணொளி டப்பிங் குரலில் ஓடக்கூடும். அமைப்புகளுக்குள் சென்று மூல ஆங்கில ஒலிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

குறித்துவைத்ததைத் திரும்பப் பார்க்காவிட்டால் பயனில்லை. கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே சோதனைகளால் காட்டினார். நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என இடைவெளியைக் கூட்டியபடி, பொருளை மூடிவைத்துத் தன்னைத்தானே கேட்டுப்பார்ப்பதே நல்ல வழி. ஆங்கி என்னும் இலவசக் கணினிச் செயலி இந்த இடைவெளிகளைத் தானே கணக்கிட்டுத் தரும். நோட்டுப் புத்தகமும் போதும்.

தமிழ் மாணவர்கள் எண்களில் தனிக் கவனம் வைக்க வேண்டும். இக்காணொளிகள் மில்லியனிலும் பில்லியனிலுமே பேசுகின்றன. ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ‘ஹண்ட்ரட் மில்லியன்’ என்று கேட்டவுடன் மனத்தில் பத்துக் கோடி தோன்றும்வரை இதைப் பழக வேண்டும்.

குறைகள்

இணையக் கொச்சை வேகமாக வந்து வேகமாக மறையும். ஸ்ட்ரீமர் காய் செனாட்டால் பரவிய ‘ரிஸ்’ (பிறரைக் கவரும் திறன்) என்ற சொல் 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் ஆண்டுச் சொல்லாகத் தேர்வானது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்வது நல்லது. வேலை விண்ணப்பத்தில் எழுதக் கூடாது. வசைச்சொற்கள் சரளமாக வரும் காணொளிகளும் பல உண்டு. பள்ளி மாணவர்களுக்குப் பெற்றோரோ ஆசிரியரோ முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்து கொடுக்க வேண்டும்.

பார்ப்பது பேச்சைத் தந்துவிடாது என்பதே பெரிய குறை. குறித்த தொடர்களைக் கொண்டு அந்தப் படைப்பாளரின் கதையைத் தன் வாயால் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பவருக்கே சொல் கைவசமாகிறது. கட்டுரை நடையும் தேர்வுக்குரிய ஆங்கிலமும் இக்காணொளிகளில் கிடைப்பதில்லை. அவற்றுக்கு நாளிதழும் நூலும் தனியே வாசித்தாக வேண்டும்.