சுவர் இருந்த இடம்

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பேருந்தில் ஏறி அமர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அந்தத் தொலைவைக் கடக்க எங்கள் குடும்பத்திற்கு 55 ஆண்டுகள் ஆயின.

என் தந்தையின் தமக்கை நாகர்கோவிலில் வாழ்கிறார். 2023ஆம் ஆண்டு மே விடுமுறையில் அவரைப் பார்த்துவர வேண்டும் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். அதை அப்படியே சொன்னால் அப்பா வண்டியில் ஏறமாட்டார். எனவே, "பிள்ளைகளுக்குப் பத்மநாபபுரம் அரண்மனையையும் உதயகிரிக் கோட்டையையும் காட்ட வேண்டும், நீங்கள் உடன் வந்தால்தான் அவர்களுக்குப் பொருள் விளங்கும்" என்றேன். 33 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவர் அப்பா. கோட்டை என்றதும் முகம் மலர்ந்தது. "அப்படியே அத்தை வீட்டிற்கும்..." என்று இழுத்தேன். "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி, வாடகை வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு விடியுமுன் புறப்பட்டோம்.

நாங்குநேரி, வள்ளியூர் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைந்தபோது பொழுது புலர்ந்தது. இரு மலைகளுக்கிடையே புகுந்து வரும் காற்று வண்டியையே அசைத்தது. எங்கு நோக்கினும் காற்றாலைகள். "இதுதான் திருவிதாங்கூரின் வாசல். இந்தக் கணவாயைக் காத்தவன் அந்நாட்டைக் காத்தான்" என்று அப்பா தம் பாடத்தைத் தொடங்கினார். நாகர்கோவிலை நிறுத்தாமல் கடந்தோம். கடைத்தெருக்கள் விழிக்கத் தொடங்கிய அவ்வேளையில் அவர் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ் மண்ணில். அதைப் பேணுவது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே நின்றது. கல்லால் அல்ல, பெரும்பாலும் மரத்தால் எழுந்த மாளிகை அது. கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையில் என் மகள் தன் நிழலைப் பார்த்து நின்றாள். திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை ஆட்சி இங்கிருந்தே நடைபெற்றது. 1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கி, இறைவனின் ஊழியராக இருந்து ஆள்வதாக உறுதி பூண்டார்.

அந்த மன்னரின் அரண்மனையில் பணிபுரிந்தவர்தான் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன். 1712இல் பிறந்தவர், செல்வாக்குள்ள குடும்பத்தவர். அவரது வாழ்வைத் திருப்பிய இடத்தைக் காண அரண்மனையிலிருந்து புலியூர்க்குறிச்சிக்குச் சென்றோம்.

உதயகிரிக் கோட்டை ஒரு குன்றைச் சுற்றி எழுப்பப்பட்ட கருங்கல் வளையம். 1741இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை முறியடித்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றின் படை இந்திய மன்னர் ஒருவரிடம் தோற்றுச் சரணடைந்த அரிய நிகழ்ச்சி அது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யுஸ்டாக்கியுஸ் டிலனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பை அளித்தார். பகைவராக வந்தவர் படைத்தலைவராகி, மக்களால் 'வலிய கப்பித்தான்' என்று அழைக்கப்பட்டார். இக்கோட்டையைப் புதுப்பித்து, பீரங்கி வார்க்கும் உலையையும் நடத்தினார். 1777இல் அவர் இறந்தபோது உடலை இங்கேயே அடக்கம் செய்தனர். கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவரது கல்லறையும், அவருடைய மனைவி, மகன் ஆகியோரின் கல்லறைகளும் உள்ளன. டிலனாயின் கல்லறைமேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேய்ந்த தமிழெழுத்துகளை என் மகன் விரலால் தடவித் தடவிப் படிக்க முயன்றான்.

"தோற்றவனைத் துணைவனாக்கிக்கொண்ட மன்னன்" என்றார் அப்பா. "பகை என்பது பிறவிக் குணமன்று. அதற்கு முடிவு உண்டு."

நீலகண்டனும் டிலனாயும் நண்பரானார்கள். நீலகண்டனின் குடும்பத்தைத் துன்பங்கள் அடுத்தடுத்துத் தாக்கின. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. வாடிய நண்பருக்குக் கத்தோலிக்கரான டிலனாய் விவிலியத்து யோபின் வரலாற்றை எடுத்துரைத்தார். அந்த உரையாடல் நீலகண்டனை நம்பிக்கைக்கு அழைத்துச் சென்றது. ஆனால் அரண்மனைப் பணியாளர் ஒருவர் நாட்டுக்குள்ளேயே திருமுழுக்குப் பெறுவது ஆபத்து. எனவே டிலனாயின் மடலோடு அவர் கணவாயைத் தாண்டி, எல்லைக்கு அப்பாலிருந்த வடக்கன்குளத்திற்குச் சென்றார். அங்கே பணியாற்றிய இயேசு சபை அருட்தந்தை புத்தாரி 1745 மே 14ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். 'லாசர்' என்னும் பெயரின் தமிழ் வடிவமாகத் 'தேவசகாயம்' என்ற பெயர் அமைந்தது. அவருடைய மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

தேவசகாயம் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை. தாழ்ந்தோர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். அக்காலத்தில் இது மதம் மாறியதைவிடப் பெரிய குற்றமாக எண்ணப்பட்டது என்று தோன்றுகிறது. 1749இல் கைது செய்யப்பட்டார். எருமைமீது பின்னோக்கி அமர்த்தப்பட்டு ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார்; பிரம்படியும் மிளகாய்ப் பொடியும் அன்றாட வாதனைகளாயின. தாகத்தால் தவித்த அவர் வேண்டுதலோடு பாறையில் முட்டியால் இடித்தபோது நீர் சுரந்தது என்பது மக்களின் மரபு. புலியூர்க்குறிச்சியில் அந்த 'முட்டிடிச்சான் பாறை'யை இன்றும் மக்கள் நாடி வருகின்றனர். நாங்களும் அந்நீரை அருந்தினோம்.

நண்பகலில் கோட்டாறு வந்தோம். தூய சவேரியார் பேராலயத்தில் மறைசாட்சியின் கல்லறைமுன் முழந்தாளிட்டோம். 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15இல் உரோமையில் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார். இந்தியத் திருநாட்டின் பொதுநிலையினருள் முதல் புனிதர். குருவுமல்லர், துறவியுமல்லர், குடும்பம் நடத்தியவர், அலுவல் பார்த்தவர். புனிதர் பட்டமளிப்பின்போது அவர் பெயரோடு முன்பு வழங்கிவந்த சாதிப் பட்டம் விடப்பட்டது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பேராலயத்திலிருந்து அத்தையின் வீடு நான்கு தெருக்களுக்கு அப்பால். என் மனைவி என்னைப் பார்த்தாள்; நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகிறது. காற்றாடிமலையையும் வடக்கன்குளத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம்" என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை.

ஆரல்வாய்மொழிக்கு அருகில் உள்ளது காற்றாடிமலை. 1752 சனவரி 14ஆம் நாள் இங்கேதான் தேவசகாயம் சுடப்பட்டார். உடல் காட்டில் எறியப்பட்டது. எஞ்சியவற்றைக் கிறிஸ்தவர்கள் தேடியெடுத்துக் கோட்டாற்றில் அடக்கம் செய்தனர். அவர் உயிர் துறந்தபோது ஒரு பாறை மணிபோல் ஒலித்தது என்பர். அந்த 'மணியடிச்சான் பாறை'யைச் சிறு கல்லால் தட்டினால் இன்றும் உலோக ஒலி எழுகிறது. என் மகன் தட்டத் தட்ட, அந்த ஒலி காற்றில் மிதந்து சென்றது.

மாலையில் வடக்கன்குளம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். கணவரை இழந்த ஞானப்பூ அம்மையார் அடைக்கலம் தேடி வந்து இறுதிவரை வாழ்ந்து, அடக்கம் பெற்றிருக்கும் ஊர். இங்கே ஒரு மறைசாட்சியின் நினைவோடு, நாம் விரும்பிச் சொல்லாத இன்னொரு வரலாறும் இருக்கிறது. அப்பா அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

இவ்வூர்க் கத்தோலிக்கருள் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையே ஆலயத்தில் யார் எங்கே அமர்வது என்பது குறித்து நெடுங்காலப் பூசல் இருந்தது. 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் அப்பூசலுக்குக் கட்டட வடிவிலேயே ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஒரே பீடம், அதிலிருந்து பிரிந்து செல்லும் இரண்டு நீண்ட மண்டபங்கள், இடையே சுவர். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைக் காண முடியாது. இரு பக்கத்தாரும் பீடத்தைக் காணலாம். அதன் தோற்றத்தைக் கண்டு மக்கள் 'கால்சட்டைக் கோவில்' என்றனர். தீட்டு பாராத ஒருவர் திருமுழுக்குப் பெற்று 127 ஆண்டுகள் கழிந்து, அதே ஊரில், இறைமக்களின் நடுவே சுவர் எழுந்தது.

அச்சுவர் 38 ஆண்டுகள் நின்றது. 1910இல் பங்குப் பணியிலிருந்த இயேசு சபை அருட்தந்தை கௌசானல் அதை இடித்தார். எதிர்ப்பு எழுந்தது. தனித்து அமர்வது தங்கள் வழக்குரிமை என்று ஒரு சாரார் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அங்கும் அவர்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. சுவர் மீண்டும் எழவில்லை.

"அப்புறம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்களா, தாத்தா?" என்று கேட்டாள் மகள்.

எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருப்பவர் அப்பா. அன்று விடை சொல்லவில்லை. பீடத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

காரணத்தை இனிச் சொல்லியாக வேண்டும். 1968இல் அத்தை தம்மோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவரை மணந்தார். அவரும் கத்தோலிக்கரே; ஒரே விசுவாச அறிக்கை, ஒரே நற்கருணை. வேறு சாதி. தாத்தா கதவை அடைத்தார். 1981இல் பாட்டி இறந்தபோது செய்தி கேட்டு ஓடிவந்த அத்தையை வீட்டுக்குள் விடவில்லை. பெற்ற தாயின் முகத்தைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அப்பாதான் உள்ளேயிருந்து ஒரு குவளைக் காப்பியைக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தார். சிறுவனாக இருந்த நான் அதைக் கண்டேன். அத்தை அதைத் தொடாமல் எழுந்து சென்றார். தாத்தா இறந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. தடுப்பதற்கு ஒருவருமில்லை. ஆனாலும் போகவில்லை. தடை நீங்கிய பிறகும் வெட்கம் தடையாக நின்றது.

ஆலயத்தைவிட்டு வெளியே வந்ததும் ஓட்டுநர், "நேரே பாளையங்கோட்டைதானே, சார்?" என்றார்.

"நாகர்கோவிலுக்குத் திருப்புங்கள்" என்றார் அப்பா.

மீண்டும் கணவாய், மீண்டும் அந்தக் காற்று. வண்டியில் எவரும் பேசவில்லை. அத்தை வீட்டை அடைந்தபோது விளக்கேற்றும் நேரம். எண்பது வயது அத்தை கதவைத் திறந்தார். அப்பா படியேறித் திண்ணையோடு நின்றுவிட்டார். மேற்கொண்டு காலெடுத்து வைக்க அவரால் இயலவில்லை.

"எதுக்குத் தம்பி வெளிய நிக்க? உள்ள வா" என்றார் அத்தை, நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவர்போல.

உள்ளே, சுவரில் மாமாவின் படம். அத்தை அடுக்களையிலிருந்து காப்பி கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தார். அப்பாவின் கை நடுங்கிற்று. "அக்கா, அம்மா இறந்த அன்னைக்கு..." என்று தொடங்கினார்.

"காப்பி ஆறுது. குடி" என்றார் அத்தை.

அன்றிரவு நாங்கள் அங்கேயே தங்கினோம். முன்னறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்த குரல் நெடுநேரம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்கிறோம்; மன்னர்களின் தவறுகளையும் ஊர்களின் தவறுகளையும் எளிதில் எடைபோடுகிறோம். வடக்கன்குளத்தின் சுவரைப் பழிப்பது எனக்கும் எளிதாகவே இருந்தது. அது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டது. எனவே ஒரு குருவால் இடிக்க முடிந்தது, ஒரு நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்க முடிந்தது. வீட்டுக்குள் நிற்கும் சுவருக்குச் செங்கல் இல்லை. அதை அடுத்தவர் வந்து இடிக்க முடியாது. புனித தேவசகாயத்தின் திருவிழாவைச் சிறப்பிக்கும் நாம், அவர் யாரோடு அமர்ந்து உண்டார் என்பதையும் சேர்த்தே கொண்டாட வேண்டும்.

மறுநாள் காலை புறப்படும்போது, "கிறிஸ்மசுக்கு நீ அங்க வரணும்" என்றார் அப்பா. அத்தை சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வாரேன்" என்றார்.

வந்தார். அப்பா காலையிலிருந்தே வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.