எண்ணெய்த் தடையும் வேக எல்லையும்

உயிர் காத்த சட்டங்கள் யாவும் உயிரைக் கருதி இயற்றப்பட்டவை அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட மணிக்கு 55 மைல் என்னும் வேக எல்லை இதற்குத் தக்க சான்றாகும்.

1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பெற்றோல் நிலையங்களின் முன் வாகனங்கள் நீண்ட வரிசைகளிற் காத்துநின்றன. எரிபொருட் சிக்கனம் கருதியே 1974 சனவரி 2இல் ஜனாதிபதி நிக்சன் இச்சட்டத்திற் கையொப்பமிட்டார். வேக எல்லையை வகுக்கும் அதிகாரம் மரபாக மாநிலங்களுக்கு உரியது. ஆதலின் சமஷ்டி அரசு நேரே கட்டளையிடாது, இணங்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதி வழங்கப்படாது என்றது. மாநிலங்கள் இணங்கின. ஆயினும் மொன்டானா மாநிலம் தன் வெறுப்பை மறைக்கவில்லை. அங்கே பகலில் எல்லை மீறியோருக்குத் தண்டம் ஐந்து டொலர். குற்றமோ, எரிபொருளை வீணாக்கியமை!

விளைவு சட்டத்தின் நோக்கத்தைக் கடந்துசென்றது. 1973இல் வீதி விபத்துக்களில் மாண்டோர் 54,052 பேர். 1974இல் 45,196 பேர். பெற்றோல் தட்டுப்பாட்டினால் மக்கள் பயணத்தையே குறைத்தனர் அன்றோ எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் வாகனங்கள் ஓடிய மொத்தத் தூரம் மூன்று சதவீதந்தானும் குறையவில்லை. மரணங்களோ பதினாறு சதவீதம் குறைந்தன. எனினும் இக்குறைவு முழுவதையும் வேக எல்லையின் கணக்கில் எழுதுவதும் தவறாகும். தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 1984ஆம் ஆண்டு அறிக்கை, வேகக் குறைவினால் 1974இல் தப்பிய உயிர்களை 3,000 முதல் 5,000 வரை என மதிப்பிட்டது. இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பில்லை. 70 மைல் வேகம் 55 ஆகும்போது, மோதலில் வெளிப்படும் சக்தி ஐந்தில் இரு பங்களவு குறைந்துவிடுகிறது.

எண்ணெய்த் தடை 1974 மார்ச்சிலேயே நீங்கிற்று. ஆயினும் 1975 சனவரியில் ஜனாதிபதி போர்ட்டின் கையொப்பத்துடன் எல்லை நிரந்தரமாயிற்று. எரிபொருளுக்காகப் பிறந்த சட்டம் இப்போது உயிரின் பெயராலும் நிலைபெற்றது. அப்பெயர் மட்டும் அதனை நெடுங்காலம் தாங்கவில்லை. எண்ணெய் விலை வீழ்ந்தபின், 1987இல் கிராமப்புறப் பெருஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது. 1995இல் ஜனாதிபதி கிளின்டன் காலத்தில் தேசிய எல்லையே நீக்கப்பட்டது. இந்நீக்கத்தின் விளைவாக 2005 வரையில் 12,545 பேர் மேலதிகமாக இறந்தனர் என 2009இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. மொன்டானாவிலோ, கார்களுக்குப் பகல்வேளையில் எண்ணால் வரையறுத்த எல்லை எதுவும் 1999 வரை இருக்கவில்லை.