ஒரே கதை, ஐந்து அட்டை

1991ஆம் ஆண்டு மார்வெல் நிறுவனம் ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸின் புதிய வரிசையைத் தொடங்கியபோது, முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளோடு வெளியிட்டது. உள்ளே கதை ஒன்றுதான். ஜிம் லீ வரைந்த நான்கு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நீளப் படமாகச் சேரும். ஐந்தாவது பிரதியில் அந்த முழுப்படமே மடிப்பு அட்டையாக வந்தது. கடைகளுக்குப் போன பிரதிகள் 80 லட்சத்துக்கும் மேல். கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்த கணக்கு ரொம்ப எளிமையானது. ஒரு வாசகரிடம் ஒரே கதையை ஐந்து முறை விற்கலாம்.

இதற்குப் பெயர் வேரியண்ட் கவர். தமிழில் மாற்று அட்டை என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று காமிக்ஸ் சேகரிக்கும் யாரிடம் பேசினாலும் பத்தாவது நிமிடத்தில் புலம்பல் இங்கேதான் வந்து நிற்கும். கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை, ஒன்றை வாங்கி முடிப்பதற்குள் இன்னும் நான்கு வந்துவிட்டன. இதைப் பணக்காரப் பொழுதுபோக்கின் சிணுங்கல் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் தமிழில் காமிக்ஸ் படித்தவர்களுக்கும் இந்தப் புலம்பலில் பங்கு உண்டு. நம்மிடமும் அரிய அட்டைகள் இருக்கின்றன. அவை அரிதான விதம்தான் வேறு.

முதலில் அமெரிக்கக் கதையை முடித்துவிடுகிறேன்.

தொடக்கத்தில் மாற்று அட்டை என்பது தற்செயல். 1976இலும் 1977இலும் மார்வெல் தன் இதழ்களின் விலையை ஏற்ற நினைத்தது. எல்லா ஊரிலும் ஒரேயடியாக ஏற்றினால் விற்பனை விழுமோ என்ற பயம். அதனால் சில நகரங்களுக்கு மட்டும் கூடுதல் விலை அச்சிட்டு அனுப்பிப் பார்த்தார்கள். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழ் பொதுவாக 30 சென்ட். சோதனைக்கு அனுப்பிய பிரதிகளில் 35 சென்ட் என்று இருந்தது. வாங்கியவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். படித்தார்கள், கிழித்தார்கள், பழைய பேப்பருக்குப் போட்டார்கள். பல வருடங்கள் கழித்துத்தான் சேகரிப்பாளர்கள் அந்த ஐந்து சென்ட் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தப் பிரதி ஒரு புதையல். யாரும் புதைக்காத புதையல்.

1986இல் டிசி நிறுவனம் ஜான் பைர்னின் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ முதல் இதழை இரண்டு அட்டைகளோடு கொண்டுவந்தது. இம்முறை வேண்டுமென்றே செய்தார்கள். அடுத்து வந்த ஐந்தாறு ஆண்டுகளில் வெள்ளி மை, தங்க மை, பிளாஸ்டிக் உறை என்று எல்லாம் வந்தன. 1992இல் சூப்பர்மேன் இறந்த இதழைக் கறுப்பு உறைக்குள் வைத்து, துக்கப் பட்டையும் சேர்த்து விற்றார்கள். ஒன்றைப் படிக்க, ஒன்றைப் பிரிக்காமல் வைக்க என்று மக்கள் இரண்டிரண்டாக வாங்கினார்கள். பிள்ளையின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று நம்பியவர்களும் உண்டு. எல்லாரும் பத்திரமாக வைத்த பொருள் எப்படி அரிதாகும்? பத்தாண்டு முடிவதற்குள் சந்தை சரிந்தது. கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும் இந்த ஊதிய பலூனும் ஒரு காரணம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த முறை புத்திசாலித்தனமாகத் திரும்பி வந்தது. இப்போது நடப்பது விகிதக் கணக்கு. ஒரு கடைக்காரர் சாதாரண அட்டையில் 25 பிரதிகள் எடுத்தால் ஓர் அரிய அட்டை வாங்கலாம். 100 எடுத்தால் அதைவிட அரியது ஒன்று. ஒரு பிரதியின் விலை 4 டாலர், கடைக்காரருக்குப் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஓர் அட்டைக்காக அவர் 200 டாலர் முதல் போடுகிறார். 1970களில் உருவான நேரடி விற்பனை முறையில் விற்காத பிரதியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே போட்ட 200 டாலரையும் அந்த ஒற்றை அட்டையின் தலையில் ஏற்றிவிட்டு, சாதாரணப் பிரதிகள் 100ஐயும் ஒரு டாலர் பெட்டியில் தள்ளுகிறார். பதிப்பகத்தின் கணக்கிலோ 100 பிரதிகள் விற்றாயிற்று.

2015இல் மார்வெல் மறுபடியும் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழ் வெளியிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட அட்டைகள். ஏறக்குறைய 10 லட்சம் பிரதிகள். 1977இல் அதே பெயரில் வந்த இதழின் அரிய பிரதி அலுவலக யோசனை ஒன்றின் பக்கவிளைவு. 2015இல் அரிதாக்குவதே அலுவலகத்தின் வேலையாகிவிட்டது.

நான் உற்பத்தித் துறையில் வேலை பார்ப்பவன். எங்களுக்கு ஒரே லாட்டில் வந்த ஆயிரம் பொருளும் ஆயிரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று வித்தியாசமாக இருந்தால் ரிஜெக்ட் தட்டில் போய் விழும். அதனால்தானோ என்னவோ, வித்தியாசத்தைத் திட்டமிட்டு உற்பத்தி செய்து, அதற்கு நூறு மடங்கு விலை வைக்கும் தொழிலை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. எரிச்சலும் வருகிறது. ஜொகூர் பாருவில் இருக்கும் என் நண்பன் ஒருவன் இப்படிப்பட்ட ஓர் அட்டைக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தான். தரம் மதிப்பிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்ட பிரதி. 2000இலிருந்து அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனம் இருக்கிறது.

“கதை எப்படிடா?” என்று கேட்டேன்.

“எங்க படிக்கிறது? பெட்டிய உடைச்சா விலை போயிருமே” என்றான்.

அவன் முட்டாள் இல்லை. ஒரு வரிசையை முழுமையாக்க வேண்டும் என்ற ஆசை சேகரிப்பவன் எவனுக்கும் இருக்கும். அந்த ஆசை எங்கே வலிக்கும் என்று தெரிந்து அங்கேயே ஒருவன் விலைச்சீட்டை ஒட்டிவிட்டான். அவ்வளவுதான்.

இனி நம் பக்கம் வருவோம்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த தொடர். ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தது. 1984இல் அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்கு ஜேம்ஸ் பாண்டோடு வந்து, மாதம் இருமுறையாக 2005 வரை 500 இதழ்கள் ஓடியது. உள்ளே மலிவுத் தாள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணமெல்லாம் அட்டைக்குத்தான். கதை ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் பல அட்டைகளை வரைந்தவர்கள் இங்குள்ள ஓவியர்கள். லயன் இதழ்களுக்கு வரைந்த மாலையப்பனைப் பழைய வாசகர்கள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். நாள்காட்டி அச்சடிக்கும் ஊரின் வண்ணம் அந்த அட்டைகளில் இருக்கும். லண்டன் ஆசாமியின் முகத்தில்கூட ஒரு சினிமா பேனர் களை.

நம்மிடமும் ஒரே கதைக்குப் பல அட்டைகள் உண்டு. நல்ல கதை தீர்ந்துபோனால் சில வருடங்கள் கழித்து மறுபதிப்பு வரும். ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்று மறுபதிப்புக்காகவே ஒரு வரிசை இருந்தது. மறுபதிப்புக்குப் பெரும்பாலும் புது அட்டை. இப்படி ஒரு மாயாவி கதைக்கு இரண்டு மூன்று முகங்கள் சேர்ந்துவிட்டன. இதுவும் மாற்று அட்டைதான். ஆனால் நோக்கம் நேர்த்திருப்பம். முதல் தடவை தவறவிட்டவனுக்கும் கதை கிடைக்கட்டும் என்பதற்காக வந்த இரண்டாவது அட்டை அது.

அப்படியானால் முத்து காமிக்ஸின் முதல் பதிப்பு ஏன் இன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது? யாரும் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் காரணம். சின்னப் பிள்ளைகள் படிக்கும் குப்பை என்று நூலகங்கள் வாங்கவில்லை. பரீட்சைக்கு முந்தைய வாரம் அம்மாக்கள் அடுப்பில் போட்டார்கள். மிச்சத்தைக் கரையான் தின்றது. அமெரிக்காவில் அரிதை உற்பத்தி செய்கிறார்கள் என்றால் நம் ஊரில் அலட்சியம் அதைச் செய்து முடித்தது.

மலேசியாவில் இந்த அலட்சியத்துக்கு இன்னொரு அடுக்கு உண்டு. நான் இருக்கும் பண்டார் தெங்காரா, செம்பனைக்கு நடுவில் திட்டமிட்டுக் கட்டிய ஊர். இதை உருவாக்கிய கெஜோரா வாரியம் அமைந்ததும் அதே 1972தான். இங்கே புத்தகக் கடை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோ போக வேண்டும். தோட்டத்தில் வேலை செய்த என் பெரியப்பா, சம்பள வாரத்தில் கூலாய்க்குப் போனால் பத்திரிகைக் கடையில் கட்டித் தொங்கும் ராணி காமிக்ஸில் இரண்டை உருவிக்கொண்டு வருவாராம். அவர் மிச்சம் வைத்த பதினோரு இதழ்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அட்டையில் ரூபாய் விலை அச்சாகியிருக்கும். அதன்மேல் கடைக்காரர் நீலப் பேனாவால் வெள்ளியில் விலை எழுதியிருப்பார். இரண்டு இதழ்களில் லயத்து வீட்டு எண் இருக்கிறது, இரவல் போய்த் திரும்பிய அடையாளமாக. ஒன்றில் யாரோ ஒரு குழந்தை மாயாவியின் முகமூடிக்குச் சிவப்பு மை பூசியிருக்கிறது.

தரம் பார்ப்பவர்களிடம் கொடுத்தால் இவை அத்தனையும் குறை. பேனாக் கிறுக்கல், மடிப்பு, கறை என்று மதிப்பெண் கழிப்பார்கள். எனக்கோ அந்த நீலப் பேனா எழுத்துதான் உலகத்திலேயே அரிய மாற்று அட்டை. சிவகாசியிலும் சென்னையிலும் அச்சான ஒன்றை இங்கே ஒரு பால்வெட்டுத் தொழிலாளி தன் கூலியில் வாங்கிப் படித்தார் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது? நம் நாட்டு 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், மலேசியாவில் வெளியாகும் நூல்களைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்கிறது. கப்பலில் வந்த காமிக்ஸ் அதில் அடங்காது. எழுதியவர்களின் வரலாறு எப்படியாவது எங்கோ தங்கிவிடும். படித்தவர்களின் வரலாறு இந்த மாதிரி அட்டைகளில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைக்காமல் இருக்க முடியாது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாக நிறுவப்பட்டது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதும் பலர் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். சேகரிப்பு என்ற பித்துக்கு இப்படி ஒரு பயன் உண்டு. ஒரு சமூகம் கைவிட்டதை ஒருவன் கையில் வைத்திருக்கிறான். என் நண்பனின் பெட்டியைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், விலை மட்டுமல்ல. அதே பித்து, அதே பொறுமை, அதே பணம். ஆனால் யாருமே கைவிடாத ஒன்றைக் காப்பாற்றுவதில் அவை தீர்ந்துபோகின்றன.

நாமும் அந்தப் பக்கம் போக மாட்டோம் என்று சொல்ல முடியாது. 2010இல் லயன் காமிக்ஸ் ‘இரத்தப் படலம்’ தொகுப்பைக் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டுப் புத்தகமாகக் கொண்டுவந்தது. வான் ஹாமும் வில்லியம் வான்சும் 1984இல் தொடங்கிய, நினைவு இழந்தவன் தன் கடந்த காலத்தைத் தேடும் கதை. புத்தகம் தீர்ந்தது, கைமாற்று விலை எகிறியது. 2012க்குப் பிறகு நல்ல தாள், முழு வண்ணம், சந்தாவை நம்பி அளவாக அச்சிடும் முறை என்று தமிழ் காமிக்ஸ் மாறியது. அளவாக அச்சிட்டால் எதுவும் சீக்கிரம் அரிதாகும். 2018இல் ‘இரத்தப் படலம்’ வண்ணத்தில் மறுபடி வந்தது. பழைய தொகுப்பை வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பரீட்சை. கதை இன்னும் நூறு பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மகிழ்ச்சியா, தன் பிரதியின் மவுசு குறைந்தது என்று வருத்தமா?

எனக்குத் தெரிந்தவரை இரண்டு வகை அரிதையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும். காலம் அரிதாக்கிய புத்தகம், பகிர்ந்தால் பிழைக்கும். அச்சகம் அரிதாக்கிய புத்தகம், பகிர்ந்தால் செத்துப்போகும்.

பெரியப்பாவின் பதினோரு இதழ்களையும் முன்னட்டை, பின்னட்டை, பேனாக் கிறுக்கல் எதையும் விடாமல் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கடியில் இப்படி நாலு இதழ்கள் கிடக்கலாம். விலை கேட்கும் முன் முதல் பக்கத்தைப் புரட்டி, யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஆள் உயிரோடு இருந்தால், எந்தக் கடையில் எத்தனை காசுக்கு வாங்கினார் என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.