இனாமாக ஏறியவர்கள் துரோகிகளா?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பாடம் எடுத்தால் மணி அடித்த பிறகும் விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

லண்டனில் இருக்கும் மகளுக்குத் தை மாதம் பேறுகாலம். நான் போக வேண்டும். விசா வந்துவிட்டது. எந்த விமானத்தில் போவது என்பதில்தான் பத்து நாளாக வீட்டில் பட்டிமன்றம். சென்னையில் பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஏறினால் நேராக லண்டனில் இறங்கலாம், வழியில் மாறுகிற வேலை இல்லை. "தனியா வர்றம்மா, அதுலயே வந்துரு" என்கிறாள் மகள். மருமகன் துபாய் வழி சொல்கிறார். என் தம்பி மகன் கணினியில் துழாவி, மதுரையில் ஏறி, கொழும்பில் மாறி லண்டன் போகும் ஸ்ரீலங்கன் விமானத்தைக் காட்டினான். மதுரை விமான நிலையம் நம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். டிக்கெட்டும் பதினெட்டாயிரம் ரூபாய் குறைவு. ஓய்வூதியக்காரிக்குப் பதினெட்டாயிரம் என்ன சும்மாவா?

ஒரு பக்கம் வெள்ளைக்காரர் கம்பெனி, இன்னொரு பக்கம் கொழும்பு. இதைக் கேட்டதும் என் மனம் விமானத்தை விட்டு இறங்கிக் கப்பலுக்குப் போய்விட்டது. கூடவே, இருபத்தைந்து வருடத்துக்கு முன் என் வகுப்பில் நடந்த ஒன்றும் ஞாபகத்துக்கு வந்து இரண்டு நாளாக உறுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

நம் ஊர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் வடக்கே போனால் மதுரை விமான நிலையம், தெற்கே எட்டயபுரம் தாண்டிப் போனால் தூத்துக்குடித் துறைமுகம். இப்போது வெளிநாடு போகிறவர்கள் வடக்கே போகிறோம். நம் பாட்டன் பூட்டன் எல்லாம் தெற்கே போனார்கள். கரிசல் பருத்தியும் அந்தப் பக்கம்தான் போனது, ஆட்களும் அந்தப் பக்கம்தான் போனார்கள். தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. இங்கிருந்து மாட்டுவண்டியில் அன்றைய விருதுபட்டிக்குப் போய் ரயில் பிடித்தால், தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு. ரயில் வந்த அதே சமயத்தில்தான் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. கண்மாய் வறண்ட ஊர்க்காரர்கள் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். கடை வைக்கப் போனவர்களும் உண்டு. எங்கள் அப்பத்தாவின் அப்பா அப்படிப் போய்வந்தவர்தான்.

ஐரோப்பா போவதற்கும் கொழும்பு ஒரு வாசல். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கிழக்கு மேற்காகப் போகும் பெரிய கப்பல்கள் எல்லாம் கொழும்பில் நின்று போயின. 1897 ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் முதலில் இறங்கியது கொழும்பில்தான். அதற்குப் பிறகுதான் பாம்பனுக்கு வந்தார், பாஸ்கர சேதுபதி அங்கே நின்று வரவேற்றார். ஆக, கொழும்பு மாறி லண்டன் என்று தம்பி மகன் கண்டுபிடித்த வழி ஒன்றும் புதிதல்ல.

இந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழியைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1856-இல் வேறு பெயரில் தொடங்கி, 1862-இல் இந்தப் பெயரைப் பெற்றது. பர்மா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எங்கும் அதன் கப்பல்கள்தான், எண்ணிக்கை நூற்றைத் தாண்டும். தபாலும் அவர்களிடம், சர்க்கார் தயவும் அவர்களிடம். பிடித்தால் ஏறு, இல்லாவிட்டால் கரையில் நில் என்ற நிலைமை.

அந்த நிலைமையை மாற்றத்தான் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகள் எடுத்தார், அதாவது இரண்டு லட்சம் ரூபாய். கம்பெனியின் தலைவர் யார் தெரியுமா? நாம் விருதுநகர் பஸ்ஸில் போகும்போது வழியில் தாண்டிப் போகிறோமே பாலவநத்தம், அதன் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவியவர் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாஸ்கர சேதுபதிக்குப் பெரியப்பா மகன். கப்பல் கம்பெனிக்கும் அவர்தான் தலைவர் என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? கடல் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டிய வறண்ட சீமைக்காரர் கப்பல் கம்பெனிக்குத் தலைவர்! எனக்கு இதில் அன்றும் இன்றும் பெருமை.

தொடக்கத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். போட்டிக் கம்பெனி அங்கே நெருக்கடி கொடுத்து அந்த வாடகைக் கப்பலை நிறுத்திவிட்டது. வ.உ.சி. அசரவில்லை. கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டிக்கொண்டே, சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் போனார். மகன் நோயாகக் கிடக்கிறான், மனைவி கர்ப்பமாக இருக்கிறார். அந்த நேரத்தில் கிளம்பிப் போய், கப்பலோடு வந்தால் வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுவேன் என்று சூளுரைத்ததாகச் சொல்வார்கள். (மகளின் பிரசவத்துக்கு எந்த விமானம் என்று பத்து நாள் யோசிக்கிற நான் இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.) எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை ஏற்றலாம்.

அந்த 1,300 பேரைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

தூத்துக்குடியில் அன்று ஆழமில்லை. கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிடும். மூட்டை முடிச்சோடு படகில் போய்த்தான் ஏற வேண்டும். கடலில் ஒன்றுக்கு இரண்டாகக் கப்பல் நிற்கிறது. எதில் ஏறுவது? வெள்ளைக்காரர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஒரு ரூபாய்க்கு வந்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள், காசே வேண்டாம், இனாமாக வா, கையில் ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். நம் பாடப்புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த இடம் இந்தக் குடைதான்.

இதன் கணக்கைச் சிறுபிள்ளைக்கும் புரியும்படி சொல்லலாம். நூறு கடை வைத்திருப்பவன் ஒரு கடையில் சரக்கை இனாமாகக் கொடுத்தால் மற்ற தொண்ணூற்றொன்பதில் எடுத்துக்கொள்வான். ஒரே கடை வைத்திருப்பவன் எதில் எடுப்பான்? சுதேசிக் கம்பெனிக்குத் தூத்துக்குடி–கொழும்பு வழி ஒன்றுதான் வருமானம்.

இப்படி நடந்தது நம் கடலில் மட்டுமல்ல. 1977-இல் ஃபிரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 'ஸ்கைடிரெய்ன்' என்று மலிவு விமானம் விட்டார். லண்டனிலிருந்து ஒரு வழிப் பயணத்துக்கு 59 பவுண்டு. ரயிலுக்குச் சீட்டு வாங்குவதுபோல அன்றன்றைக்கு வரிசையில் நின்று வாங்கலாம். அட்லாண்டிக்கைத் தாண்டுவது பணக்காரர் காரியம் என்றிருந்தது மாறியது. பெரிய கம்பெனிகளும் கட்டணத்தைக் குறைத்தன. 1982 பிப்ரவரியில் லேக்கர் கம்பெனி திவாலானது. கடனில் விமானங்கள் வாங்கிக் குவித்தது, டாலர் விலை ஏறியது என்று அவர் பக்கமும் காரணங்கள் உண்டு. ஆனாலும் பெரிய கம்பெனிகள் கூடிச் சதி செய்தன என்று வழக்குப் போடப்பட்டு, 1985-இல் அவை பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. அதில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்று. நம் சிதம்பரம் பிள்ளைக்குச் சமரசப் பணம் கிடைக்கவில்லை, செக்குதான் கிடைத்தது.

இனி அந்த வகுப்பு.

திருச்சுழி பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. வ.உ.சி. பாடம். நான் நன்றாகத்தான் நடத்தினேன், கப்பலோட்டிய தமிழன் படத்து வசனம் எல்லாம் சேர்த்து. கடைசியில் குரலை உயர்த்தி, "ஒரு குடைக்கு ஆசைப்பட்டு வெள்ளைக்காரன் கப்பலில் ஏறினார்களே, அவர்கள்தான் துரோகிகள்" என்றேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் சொல்வேன். அந்த வருடம் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அப்பா சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்.

"டீச்சர், எங்க அப்பா பஸ்ஸுக்குக் காசில்லாம திருச்சுழிக்கு நடந்துதான் போவாரு. இனாம்னா ஏறித்தான் போவாரு. அவரு துரோகியா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "அதிகப்பிரசங்கி, நில்லு" என்று மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வி கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஆற அமர வ.உ.சி.யைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கம்பெனியைப் பற்றி ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க, குடை வாங்கியவர்களால் கம்பெனி கவிழவில்லை என்றே எனக்குத் தோன்றியது. இனாம் என்று கூப்பிட்டும் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறியவர்கள் ஏராளம். கட்டணச் சண்டையில் நஷ்டம் வந்தது உண்மை. ஆனாலும் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதை முறித்தது 1908. பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வும் கிடைத்தது. மார்ச் 12 அன்று இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நான்கு உயிர்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்தது. ஆனால் வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. ஆள் உள்ளே போனதும் பங்குதாரர்களுக்குக் குளிர் கண்டுவிட்டது. பணம் போட்ட பெரிய மனிதர்கள் ஒதுங்கினார்கள். 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். காலியா போட்டிக் கம்பெனிக்கே விலைபோனது என்றுதான் நாமெல்லாம் படித்து வந்திருக்கிறோம். அதே 1911 டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் காலமானார், வயது 44. எதிர்த்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோ 1914-இல் பி அண்ட் ஓ-வோடு சேர்ந்து இன்னும் பெரிதானது.

இதில் துரோகம் என்று ஒன்று இருந்தால் அது மேல்தளத்தில் நடந்தது. கீழ்த்தளத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவனிடம் தேடி என்ன பயன்? அவனுக்கு எட்டணா ஒரு நாள் கூலியைவிட அதிகம். இத்தனை வருடமும் நான் அவனைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினேன். பெரிய மனிதர்களை ஒரு வரிகூடச் சொன்னதில்லை. எங்கள் அப்பத்தாவின் அப்பா சிக்கனத்துக்குப் பேர்போனவர். உதிர்ந்த வேப்பங்கொட்டையைக்கூடப் பொறுக்கிச் சேர்ப்பாராம். இனாம் குடையை அவர் வேண்டாம் என்றிருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அந்த வழி பிறகு எப்படியெல்லாமோ ஆனது. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வந்ததும் போட் மெயில் தூத்துக்குடியை விட்டு அந்தப் பக்கம் திரும்பியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்காட்டியா பிரின்ஸ் என்று ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். சுதேசிக் கம்பெனி கலைந்து சரியாக நூறு வருடம். நானும் ஒருமுறை போய்வர ஆசைப்பட்டேன். பள்ளி விடுமுறைக்குக் காத்திருந்தேன், அதற்குள் சில மாதங்களிலேயே நின்றுவிட்டது.

நேற்று டிக்கெட் போட்டாயிற்று. மதுரை, கொழும்பு, லண்டன். காரணம் தேசபக்தி இல்லை, பதினெட்டாயிரம் ரூபாய்தான். தம்பி மகன் ஜன்னல் ஓரம் இருக்கை எடுத்திருக்கிறான். பகல் விமானம், வானம் தெளிவாக இருந்தால் கீழே கடல் தெரியும் என்றான்.

அந்தப் பையனுக்கு: நீ இப்போது வளைகுடாவில் இருக்கிறாய், என் பதிவுகளைப் படிக்கிறாய் என்று உன் வகுப்புத் தோழன் சொன்னான். பெயர் போடவில்லை. அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்குப் பதில், இல்லையப்பா, உன் அப்பா துரோகி இல்லை. உன்னை நிற்க வைத்தது என் தப்பு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. மகள் பிரசவம் முடிந்து சித்திரைக்குள் நான் திரும்பிவிடுவேன்.

மற்றவர்களுக்கு ஒரு சந்தேகம். மகளுக்குப் பத்தியக் குழம்புக்குச் சுண்டவற்றலும், பிரசவ லேகியமும் எடுத்துப் போக வேண்டும். கொழும்பில் விமானம் மாறும்போது பெட்டியை நாமே எடுத்து மாற்ற வேண்டுமா, அவர்களே மாற்றிவிடுவார்களா? அந்த வழியாகப் போன பிள்ளைகள் எழுதுங்கள்.