கடற்பசுவும் கொல்லாமை அறமும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கே கழுகுமலை உள்ளது. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்றன. அவற்றைச் செய்வித்த குரவர், குரத்தியர், மாணாக்கர் பெயர்களை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இன்றும் காட்டுகின்றன. அதே மாவட்டத்தின் கிழக்கே, வைப்பாறு கடலொடு கலக்குமிடத்தில் கீழவைப்பார் அமைந்துள்ளது. பரதவர் முத்துக்குளித்து வாழ்ந்த பழந்துறை இது. இத்துறை நோக்கும் மன்னார் வளைகுடாவில் முத்தினும் அரிய உயிரொன்று வாழ்கிறது. அதுவே கடற்பசு. மீனவர் இதனை ஆவுளியா என்பர்.

கடற்பசு மீனன்று, நீர்மட்டத்திற்கு வந்து மூச்சுவிட்டுக் கன்றுக்குப் பாலூட்டும் விலங்கு. கடற்புல்லே அதன் உணவு. எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியதெனினும், ஓராண்டுக்கு மேல் கருச்சுமந்து ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆதலின் ஓருயிரின் இழப்பும் எளிதில் ஈடாவதில்லை.

ஊனுக்காகவும் நெய்க்காகவும் இவ்வுயிர் நெடுங்காலம் வேட்டையாடப்பட்டது. வடபசிபிக் கடலில் வாழ்ந்த இதன் பேருறவான ஸ்டெல்லர் கடற்பசு, 1741இல் அறிஞர் கண்ணில் பட்டு, 1768க்குள் முற்றாக அழிந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசுவைக் கொல்வதையும் விற்பதையும் தடுத்தது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுக் காப்பகம் அமைந்தது.

ஊன் விற்பவனோடு வாங்குவோனுக்கும் கொலைப்பழியில் பங்குண்டு என்று நீலகேசி பௌத்தரோடு வாதிட்டதை நாம் அறிவோம். விற்பனையைத் தடுத்த சட்டம் அவ்வழியில் நின்றது. ஆயினும் இன்று பல கடற்பசுக்கள் வேட்டையால் அன்றி, மீன்வலையில் சிக்கி மூச்சுத்திணறியே மடிகின்றன. இழுவை மடிகளால் கடற்புல்வெளிகளும் சிதைகின்றன. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும் கருத்தின்மையும் இம்சைக்கு வாயிலாகும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் தெளிவு. நடக்கையிலும், ஒரு பொருளை எடுத்து வைக்கையிலும் விழிப்புடன் இருக்கச் சொல்லும் சமிதிகள் இதனாலேயே வகுக்கப்பெற்றன.

மீன்பிடித்தலை நம் சமயம் ஏற்பதில்லை. எனினும், சிக்கிய கடற்பசுவைக் காக்கத் தன் வலையையே அறுத்துக் கடலில் விடும் மீனவர்கள் இக்கடற்கரையில் உளர். வலை அவர்க்கு முதல். அதன் இழப்பு குடும்பத்தின் இழப்பு. பொருளிழந்து ஓருயிரைக் காத்தவனை அறத்திற்குப் புறம்பானவன் என்று யார் சொல்வர்? கொல்லாமையை நாம் பிறப்பால் பெற்றோம். அவனோ விலைகொடுத்துப் பெறுகிறான்.

கழுகுமலைக்கு வழிபடச் செல்லும் சிராவகர், ஒருமுறை கீழவைப்பார்க் கரைக்கும் சென்று அம்மக்களொடு அளவளாவி வருதல் நன்று. அறுந்த வலைக்கு ஈடாக நம் கை சிறிது நீளுமாயின், அதுவும் அபயதானமே. அறம் வளர்க!