ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் பதினைந்து நாள் ஊசியும்

சொரியாசிஸ் என்னும் தோல்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒட்டுவாரொட்டி அல்ல என்று மருத்துவர் எத்தனை முறை சொன்னாலும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் அம்மா லேசில் நம்புவதில்லை. தலையில் உதிரும் செதிலைப் பொடுகு என்று சொல்லிச் சமாளிக்கலாம். அரைக்கைச் சீருடையில் முழங்கைத் தடிப்பை எங்கே ஒளிப்பது? பெரும்பாலான பிள்ளைகளுக்குக் களிம்பே போதும். களிம்புக்கு அடங்காதபோதுதான் மெத்தோட்ரெக்சேட்டா அடலிமுமாப்பா என்ற கேள்வி எழுகிறது.

முதலாவது பழைய மருந்து, விலையும் மலிவு. எடைக்கு ஏற்ற அளவில் வாரத்துக்கு ஒரே நாள் மாத்திரை. கூடவே ஃபோலிக் ஆசிட். குமட்டலுக்குப் பயந்து பள்ளி இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. கவனம் தப்பி அதையே தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கிழமையை மாத்திரை அட்டையிலேயே பெரிதாக எழுதிவைப்பது நல்லது. ஈரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

அடலிமுமாப், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைக் கட்டிப்போடும் ஊசி. முதலிரண்டு ஊசிகளுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. உள்ளே உறங்கும் காசநோயை இது எழுப்பிவிடக்கூடும் என்பதால் முன்கூட்டியே சோதனை அவசியம். காசநோய் மிகுந்த நம் நாட்டில் அது வெறும் சடங்கல்ல. 2014 டிசம்பரில் ஜைடஸ் காடிலா நிறுவனம் இதன் நிகர்மருந்தை இந்தியாவில் கொண்டுவந்தபின் விலை இறங்கியது. ஆனாலும் மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சுமைதான்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. 4 வயது முதல் 17 வயது வரை 114 பிள்ளைகள். 16ஆம் வாரத்தில் நோயின் தீவிரம் 75 விழுக்காடாவது குறைந்தவர்கள், முழு அளவு அடலிமுமாப் பெற்றவர்களில் 58 விழுக்காடு, மெத்தோட்ரெக்சேட்டில் 32. ஊசிக்கே வெற்றி என்று இங்கேயே முடித்துவிடத் தோன்றும். ஆனால் தோல் முழுமையாகவோ அனேகமாகவோ தெளிந்தவர்களை எண்ணினால் 61க்கு 41. இந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. மெத்தோட்ரெக்சேட் மெதுவாக வேலை செய்யும் மருந்து என்பதையும் மறக்கக்கூடாது. 16 வாரக் கெடு அதற்குச் சற்றே அநியாயம் என்பது என் எண்ணம்.

ஆகவே கைக்கெட்டும் மாத்திரையில் தொடங்குவதே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். தடிப்பு அடங்காமல் பிள்ளை பள்ளிக்குப் போகவே மறுக்கும் நிலையில், காசை எண்ணி ஊசியை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். மூட்டு வலியும் சேர்ந்துகொண்டால் ஊசியைப் பற்றி இன்னும் சீக்கிரம் பேச வேண்டும். இரண்டில் எதைத் தொடங்குவதானாலும் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளில் விட்டுப்போனவை உண்டா என்று முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். மருந்து ஓடும்போது அவற்றைப் பொதுவாகப் போடமாட்டார்கள். வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சை அம்மாவிடம் மட்டும் முடித்துக்கொள்ளாமல், மருந்தை விழுங்கப்போகும் பெண்ணிடமே மருத்துவர் நேரடியாகப் பேசுவதுதான் முறை.