மூடி போட்டா மூச்சு முட்டும்! ஜீவாமிர்தத்துக்குக் காற்று கொடுப்பது எப்படி?

மாடித்தோட்டம் ஆரம்பிச்ச முதல் மாசமே 'நாமளே ஜீவாமிர்தம் செஞ்சா என்ன?'ன்னு ஓர் ஆசை வரும். எனக்கும் வந்தது. 20 லிட்டர் வாளியில் கரைச்சு, வாடை வெளியே வரக் கூடாதேன்னு மூடியை இறுக்கமா அழுத்திட்டு, நாலு நாள் ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்து திறந்தா, அழுகின முட்டை வாடை. ஹவுஸ் ஓனரே மாடியேறி வந்து, "இந்த நாத்தம் இன்னொரு தடவை வந்தா தொட்டி எல்லாத்தையும் எடுத்துடணும்"னு சொல்லிட்டுப் போனார்.

தேனி மாவட்டம் கடமலைக்குண்டில் தென்னந்தோப்பு வெச்சிருக்கும் பெரியப்பாகிட்ட போனில் புலம்பினேன். "மூடியப் போட்டு அமுக்குனா மூச்சு முட்டிச் சாகாதா தாயி? காலையிலயும் சாயங்காலமும் கலக்கி விடணும்ல!"ன்னார். அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கு.

முதலில் அளவைச் சொல்லிடுறேன். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறையில், 200 லிட்டர் தண்ணீருக்கு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, ஏதாவது ஒரு பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி தோட்டத்து மண். இது ஒரு ஏக்கருக்கான அளவு. உங்க மாடிக்கு இதில் பத்தில் ஒரு பங்கே தாராளம். நிழலில் 48 மணி நேரம் வெச்சா ரெடி. ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திடணும்.

காற்று எதுக்கு?

சாணத்திலும் மண்ணிலும் இருக்கும் நுண்ணுயிரிகளுக்கு வெல்லம் கல்யாண விருந்து மாதிரி. சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பெருகும். பெருகப் பெருக ஆக்சிஜனை இழுக்கும். ஆனா, தண்ணீரில் கரைஞ்சிருக்கும் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்குன்னா, ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். வெயில் ஏற ஏற அதுவும் குறையும். அந்தக் கையிருப்பு தீர்ந்ததும், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வேறொரு கூட்டம் வாளியைக் கைப்பற்றிடும். அழுகின முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்தக் கூட்டத்தோட வேலை.

வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுறவங்களுக்கும் இதே தலைவலி உண்டு. (நம்ம ஊரில் முயற்சி செஞ்சுடாதீங்க, மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்!) மால்ட் சாறைக் கொதிக்க வைக்கும்போது அதில் இருக்கும் ஆக்சிஜன் வெளியேறிடும். அதனால ஆறவெச்சு, குலுக்கியோ ஊற்றி ஆற்றியோ பம்ப் வெச்சோ காற்றேற்றிட்டு, அப்புறம்தான் ஈஸ்ட் போடுவாங்க. ஒரு வித்தியாசம் என்னன்னா, அவங்களுக்கு இது ஒரு தடவை வேலை. நொதித்தல் தொடங்கினதும் காற்றே படாம அடைச்சிடுவாங்க, இல்லேன்னா பீர் கெட்டுப்போகும். நமக்குத் தினமும் காற்று வேணும்.

குச்சியா, பம்ப்பா?

பெரியப்பா கையில் இருப்பது ஒரு நீளக் குச்சி, அவ்வளவுதான். ஆனா அவர் கலக்குற விதத்தைக் கவனிக்கணும். அடியில் படிஞ்ச சாணத்தைக் கிளறி மேலே கொண்டு வர்றார். வேகமா ஒரு பக்கம் சுத்தி, நடுவில் குழி விழுந்ததும் சட்டுன்னு எதிர்ப்பக்கம் சுத்துறார். அப்போ சுழல் உடைஞ்சு, நுரையோட காற்று உள்ளே போகுது. வலப்பக்கம்தான் சுத்தணும், இடப்பக்கம் ஆகாதுன்னு சிலர் சண்டையே போடுவாங்க. என்னைக் கேட்டா, திசையை விட அடி வரைக்கும் குச்சி போகுதாங்குறதுதான் முக்கியம். சும்மா மேலாக ரெண்டு சுத்து சுத்திட்டுப் போறதில் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது வழி, டீ மாஸ்டர் வழி. ரெண்டு வாளி எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓரடி உயரத்திலிருந்து நாலைந்து முறை ஆத்துங்க. விழுற தாரை காற்றையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். சின்ன அளவுக்கு இதுவே பெஸ்ட். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

பாத்திரமும் பாதி வேலையைச் செய்யும். குறுகலான உயரமான டிரம்மை விட வாய் அகலமான டப் நல்லது. காற்று படும் பரப்பு அதிகம். பஞ்சகவ்யத்துக்கும் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது வாயகன்ற பானையோ தொட்டியோதான். திறந்தபடி நிழலில் வெச்சு, தினம் ரெண்டு வேளை கலக்கணும். அது 30 நாள் வேலைங்குறதால கலக்குற ஒழுக்கம் இன்னும் முக்கியம். உலோகப் பாத்திரம் வேண்டாம். ஈ, கொசு வராம இருக்க வாயில் பழைய கொசுவலைத் துணி கட்டினா போதும்.

ஆபீஸ் போறவங்களுக்கு மீன்தொட்டி பம்ப் கைகொடுக்கும். ஆனா சாணத்தை நேரா கரைச்சா காற்றுக்கல் சீக்கிரமே அடைச்சுக்கும். சாணம், மாவு, மண்ணைச் சாக்குத் துணியில் மூட்டை கட்டித் தொங்க விடுங்க. காற்றுக்கல்லுக்குப் பதில், ஊசியால் ஓட்டை போட்ட டியூப்பின் முனையை அடைச்சு, அடியில் கல் கட்டிப் போடலாம். குமிழி சின்னதா இருந்தா ஆக்சிஜன் நல்லா கரையும். இன்னொண்ணு, பம்ப்பை வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே வைங்க. கீழே இருந்தா, கரன்ட் போற நேரத்தில் கரைசல் டியூப் வழியா திரும்பி வந்து பம்ப்புக்குள் போயிடும். பம்ப் இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு முறை குச்சியால் அடியைக் கிளறிடுங்க.

இதை மட்டும் மறந்துடாதீங்க

நல்லா காற்று கொடுத்த கரைசல் லேசான புளிப்பு வாடையோட இருக்கும். அதை வெச்சு 'சுத்தமா இருக்கு'ன்னு முடிவு கட்டிடாதீங்க. சாணத்தில் இ-கோலை போன்ற கிருமிகளும் இருக்கலாம். உரச்சாற்றில் வெல்லப்பாகு சேர்த்தா அந்தக் கிருமிகளும் பெருகுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு, காற்று கொடுத்தாலும்கூட! அமெரிக்காவின் ஆர்கானிக் விதிப்படி, மக்காத சாணம் போட்டா, மண்ணில் படும் விளைச்சலை 120 நாள் கழிச்சுத்தான் அறுக்கணும். அதனால கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள்னு பச்சையா சாப்பிடுறது மேலே இந்தக் கரைசலைத் தெளிக்க வேண்டாம். பத்து பங்கு தண்ணீர் கலந்து, மத்த செடிகளின் வேர்ப்பக்கம் மண்ணில் ஊத்துங்க. முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க.

என்னை மாதிரி ஏற்கெனவே முட்டை வாடை வர வெச்சுட்டீங்களா? குனிஞ்சு மோந்து பார்க்காதீங்க, அந்த வாயு நல்லதில்லை. திறந்தவெளியில் மூடியை மெல்லத் தளர்த்திட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்க. அப்புறம் காய்ஞ்ச இலையோ தேங்காய் நாரோ நிறைய போட்ட உரக்குழியில் கொட்டிடுங்க. புது வாளியில் வெல்லத்தைப் பாதியாக் குறைச்சு ஆரம்பிங்க. ஊருக்குப் போற வாரத்தில் மட்டும் கரைக்காதீங்க.